டி.வி. விளம்பரத்தை ஆன்லைனில் வாங்கலாமா? பெங்களூரு எண்ணெய் வியாபாரிக்கு ஒரு பதில்

கேள்வி: பெங்களூருவில் மரச்செக்கு எண்ணெய் வியாபாரம் செய்கிறேன். அல்சூர், ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் ஆகிய இடங்களில் கடை இருக்கிறது. ஓர் ஆன்லைன் நிறுவனம் விளம்பரப் படத்தையும் செய்து கொடுத்து, தமிழ், கன்னட சேனல்களில் நேரமும் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. எல்லாவற்றையும் இணையதளத்திலேயே தேர்வு செய்துகொள்ளலாமாம். தீபாவளிக்கு ஐந்து லட்சம் வரை ஒதுக்கலாம் என்று நினைக்கிறேன். நம்பி இறங்கலாமா?

பதில்:

நிறுவனத்தின் பெயரை நீங்கள் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. இந்த வகை நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே முறையில்தான் இயங்குகின்றன. பெங்களூருவில் விளம்பர நேரம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் நீண்ட காலமாக இருக்கிறேன். சிறு வியாபாரிகளின் பணம் எந்த இடத்தில் கரைகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்து வருத்தப்பட்டவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர்களிடம் படம் செய்துகொள்வதில் பெரிய ஆபத்து இல்லை, சில நிபந்தனைகளைக் கேட்டு வாங்கினால் போதும். நேரம் வாங்குவதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று கடைகளும் பெங்களூருவுக்குள்ளேயே இருக்கும்போது தமிழ் செயற்கைக்கோள் சேனலில் விளம்பரம் போடாதீர்கள். கன்னட சேனலையும் இந்த வருடம் தள்ளிப்போடுங்கள். ஐந்து லட்சத்தை டி.வி. திரைக்கே செலவழிக்கலாம், வேறு வழியாக. அந்த வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த யோசனை புதியதல்ல. அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 2004-ஆம் ஆண்டு ஸ்பாட் ரன்னர் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. பல தொழில்களுக்கும் முன்கூட்டியே எடுத்து வைத்த விளம்பரப் படங்கள் அதனிடம் இருந்தன. வாடிக்கையாளர் இணையதளத்தில் தன் தொழிலுக்கு ஏற்ற படத்தைத் தேர்ந்தெடுப்பார். கடைப்பெயர், முகவரி, பின்னணிக் குரல் மட்டும் மாற்றித் தரப்படும். படத்துக்கு ஏறத்தாழ 500 டாலர். எந்த ஊர், எப்படிப்பட்ட பார்வையாளர், எவ்வளவு பணம் என்று குறிப்பிட்டால் நேரத்தையும் அவர்களே வாங்கிவிடுவார்கள். டபிள்யூ.பி.பி. போன்ற உலக விளம்பரக் குழுமங்களே அதில் முதலீடு செய்தன. 2008 பொருளாதாரச் சரிவின்போது ஆட்குறைப்பு நடந்தது, 2009-இல் டபிள்யூ.பி.பி.யே வழக்குத் தொடுத்தது, பிறகு அந்த நிறுவனமே இல்லாமல் போயிற்று. கூகுளும் 2007-இல் டி.வி. விளம்பரத்தை இணைய ஏலத்தில் விற்க ஒரு சேவையைத் தொடங்கி, 2012-இல் மூடியது.

இரண்டிலும் தொழில்நுட்பம் தோற்கவில்லை என்பது என் கணிப்பு. பெரிய சேனல்கள் தங்களுடைய நல்ல நேரத்தை வெளியார் தளத்தில் வைத்து விற்க மனம் வைக்கவில்லை. சிறு வியாபாரியோ ஒருமுறை வாங்கிப் பார்த்தார், அதனால் விற்பனை கூடியதா என்று அவருக்குத் தெரியவில்லை, மறுமுறை வரவில்லை. இந்த இரண்டு சிக்கல்களும் இன்று உங்களுக்கு வந்திருக்கும் அழைப்பிலும் அப்படியே இருக்கின்றன.

நமக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் உள்ளூர் கேபிள் நிறுவனம் தேசிய சேனலின் இடைவேளையில் ஒவ்வொரு மணி நேரத்திலும் சிறிது நேரத்தைத் தன் ஊர் விளம்பரத்துக்கு எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் இருக்கும். அதனால்தான் ஓர் ஊர்க் கடைக்காரர் அந்த ஊருக்கு மட்டும் விளம்பரம் வாங்க முடிந்தது. இங்கே கேபிள்காரர் சேனலின் ஒளிபரப்பில் கைவைக்க முடியாது. வந்ததை வந்தபடியே வீடுகளுக்கு அனுப்ப வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் நம் ஊரிலேயே 2008-இல் அமாகி என்ற நிறுவனம் தோன்றியது. சேனல்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, ஒரே ஒளிபரப்பில் பகுதிக்குப் பகுதி வேறு வேறு விளம்பரத்தை மாற்றிப் பொருத்தும் முறையை அது கொண்டுவந்தது. பின்னாளில் அதன் கவனம் சேனல்களுக்கான கிளவுட் ஒளிபரப்புச் சேவைக்கு மாறிவிட்டது. 2022-இல் அது நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டியது அந்தச் சேவையின் பலத்தில்தான். சிறு கடைக்குப் பகுதி விளம்பரம் விற்பதை மட்டும் நம்பி அவ்வளவு பெரிதாகியிருக்க முடியாது என்று நினைக்கிறேன். நல்ல பொறியாளர்கள் இறங்கிப் பார்த்த இடம் இது. அத்தனை எளிதான தொழில் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருவோம். சன், விஜய், ஜீ தமிழ் என்று எதை எடுத்தாலும், அல்சூரில் தெரியும் அதே ஒளிபரப்புதான் நாகர்கோவிலிலும் தெரிகிறது. கட்டணமும் அந்த மொத்தப் பரப்புக்கும் சேர்த்துத்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். கர்நாடகத்தில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 21 லட்சம், அதுவும் கோலார் தங்கவயல், மைசூரு, பத்ராவதி எல்லாம் சேர்த்து. அத்தனை பேரும் அந்த நேரத்தில் அந்தச் சேனலைத்தான் பார்க்கிறார்கள் என்றே வைத்துக்கொண்டாலும், நீங்கள் பணம் கொடுக்கும் கண்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூட உங்கள் கடைப் பக்கம் வரக்கூடியவர்கள் இல்லை. மீதிப் பேர் மதுரையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து, எங்கோ ஸ்ரீராமபுரத்தில் கிடைக்கும் எண்ணெயைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கன்னட சேனல்களில் கணக்கு இவ்வளவு மோசமில்லை. அதே 2011 கணக்கில் கர்நாடகத்தின் 6.11 கோடியில் பெங்களூரு நகர மாவட்டத்தின் பங்கு 96 லட்சம், அதாவது ஏறக்குறைய ஆறில் ஒன்று. நரக சதுர்த்தசிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கம் கன்னடக் குடும்பங்களிலும் உண்டு என்பதால் பொருளும் பொருந்தும். இருந்தாலும் ஆறு ரூபாயில் ஐந்து ரூபாய் பெல்லாரிக்கும் மங்களூருக்கும் போகிறது. ஹூப்ளி, மைசூரு, தாவணகெரே கடைகளில் உங்கள் பாட்டில் அடுக்கில் நிற்கும் நாளில் கன்னட சேனலுக்குப் போங்கள், அப்போது நானே தாராளமாகச் செலவழிக்கச் சொல்வேன்.

வசந்த் அண்ட் கோ உரிமையாளர் தன் முகத்தோடு டி.வி.யில் வந்ததும், பிறகு சரவணா ஸ்டோர்ஸ் விளம்பரங்களில் அதன் உரிமையாளரே நாயகனாக வந்ததும் நம் மக்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அதைப் பார்த்து “நாமும் வரலாமே” என்று என்னிடம் வரும் வியாபாரிகள் அநேகம். வசந்த் அண்ட் கோவுக்கு அது பலித்ததற்குக் காரணம் முகம் மட்டுமில்லை, சிக்னல் போகும் ஊர்களிலெல்லாம் கடை இருந்தது. தி.நகர் கடைகளுக்கோ தீபாவளிக்குத் தமிழ்நாடு முழுவதிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்தார்கள். ஒரு லிட்டர் எண்ணெய்க்காக யாரும் சேலத்திலிருந்து வர மாட்டார்கள்.

“பிரபல சேனலில் குறைந்த கட்டணம்” என்று அவர்கள் சொல்வது எப்படிச் சாத்தியமாகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. கேபிள் டி.வி. விதிகளின்படி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். பத்து நிமிடம் என்றால் பத்து வினாடித் துண்டுகள் அறுபது. இரவு ஏழு முதல் பதினொன்று வரையிலான பிரைம் டைமில் மொத்தமே 240 துண்டுகள். இந்துஸ்தான் யூனிலீவர் போன்ற பெரிய நிறுவனங்கள் அவற்றை மாதக்கணக்கில் முன்கூட்டியே பேசி எடுத்துவிடுகின்றன. காலையிலும் மதியத்திலும் பின்னிரவிலும் மீதி நிற்கும். விற்காத பத்து வினாடி, காலி இருக்கையோடு கிளம்பிவிட்ட பஸ் மாதிரி, பிறகு அதை வைத்து ஒரு ரூபாயும் பார்க்க முடியாது. ஆகவே சேனல் அதை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடும். ஆன்லைன் நிறுவனங்கள் பெரும்பாலும் மொத்தமாக வாங்கி உங்களுக்குச் சில்லறையாக விற்பது இந்த மீதியைத்தான்.

மீதி நேரமே மோசம் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் விற்பவருக்குக் காலை பதினொரு மணி சமையல் நிகழ்ச்சி, பிரைம் டைம் சீரியலைவிட நன்றாகவே வேலை செய்யக்கூடும். ஆனால் நீங்கள் எதை வாங்குகிறீர்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். அவர்கள் அனுப்பும் திட்டத்தில் “ஆர்.ஓ.டி.பி.” என்று இருந்தால், ஒரு பரந்த நேர வரம்புக்குள் சேனல் தன் வசதிப்படி எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அர்த்தம். காலை ஏழு முதல் நள்ளிரவு வரை என்று வரம்பு போட்டிருந்தால், எல்லா ஸ்பாட்டையும் (விளம்பரம் ஒருமுறை ஓடுவது ஒரு ஸ்பாட்) ஏழிலிருந்து எட்டுக்குள்ளும் பதினொன்றரைக்கு மேலும் ஓட்டி முடித்தாலும் ஒப்பந்தம் நிறைவேறியதாகத்தான் கணக்கு. வரம்பை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இத்தனை ஸ்பாட் கட்டாயம் என்று கேளுங்கள். கட்டணம் கொஞ்சம் ஏறும். ஏறட்டும்.

சிக்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடைக்காரர் இப்படி ஓர் ஆன்லைன் நிறுவனத்தில் தொகுப்பு வாங்கினார். “இலவச போனஸ் ஸ்பாட்” என்று பாதிக்குப் பாதி சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அவர் மகிழ்ச்சியோடு உறவினர்களுக்கெல்லாம் சொல்லி வைத்தார், ஒருவர் கண்ணிலும் விளம்பரம் படவில்லை. மாதம் முடிந்ததும் சேனலின் டெலிகாஸ்ட் சான்றிதழை என்னிடம் கொண்டுவந்தார். அந்தக் காகிதத்தை எப்படிப் படிப்பது என்று உங்களுக்கும் சொல்கிறேன். தேதி, நிகழ்ச்சி, விளம்பரத்தின் தலைப்பு, எத்தனை வினாடி, ஓடிய நேரம் என்று பத்திகள் இருக்கும். மற்றவற்றை விடுங்கள், கடைசிப் பத்தியில் விரலை வைத்து மேலிருந்து கீழே வாருங்கள். ஓடிய நேரம் வினாடி வரை அச்சாகியிருக்கும். அவருடையதில் 06 என்று தொடங்கும் வரிகளும் 01 என்று தொடங்கும் வரிகளும்தான் அடுக்கடுக்காக இருந்தன. விடியற்காலை ஆறு மணி, நள்ளிரவு தாண்டி ஒரு மணி. டெலிஷாப்பிங் ஓடும் நேரத்துக்கு முன்னும் பின்னும் பட்டுப்புடவை விளம்பரம். ஒப்பந்தத்தில் நேர வரம்பே எழுதப்படவில்லை என்பதால் யாரையும் கேட்க முடியவில்லை. உழைத்துச் சேர்த்த பணம் அப்படிப் போனதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

அடுத்தது டி.ஆர்.பி. எண்கள். நிறுவனத்தின் இணையதளம் “இந்தத் தொகுப்பு இத்தனை லட்சம் பேரைச் சென்றடையும்” என்று ஒரு பெரிய எண்ணைக் காட்டும். இந்தியாவில் டி.வி. பார்வையை அளப்பது பார்க் (BARC) என்ற அமைப்பு, 2015 முதல் வாராவாரம் கணக்குத் தருகிறது. சேனலின் ஒலியில் காதுக்குக் கேட்காத குறியீட்டைப் பதித்து, தேர்ந்தெடுத்த வீடுகளில் வைத்திருக்கும் கருவி அதைப் பிடித்துக்கொள்கிற முறை. நாடு முழுவதும் கருவி வைத்த வீடுகள் 2025-இல் சுமார் 58 ஆயிரம். டி.வி. உள்ள வீடுகளோ 2020-இல் அவர்களே மதிப்பிட்டபடி 21 கோடி. ஏறத்தாழ 3,600 வீடுகளுக்கு ஒரு வீடு பேசுகிறது. மாநில அளவில், பெரிய சேனலுக்கு, இது போதுமான மாதிரிதான். ஆனால் “பெங்களூருவில் தமிழ்ச் சேனல் பார்க்கும் இல்லத்தரசிகள்” என்று வெட்டி வெட்டிக் கீழே இறங்கினால் கடைசியில் மிஞ்சும் வீடுகள் மிகக் குறைவாகிவிடும். அந்த எண்ணை நம்பி ஒரு ரூபாயும் போட மாட்டேன். அவர்கள் காட்டும் எண் எந்தச் சந்தைக்கு, எந்த வயதுக்கு, எத்தனை வாரச் சராசரி என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர் உங்களுக்குத் திட்டம் போடக் கூடாது.

ஐந்து லட்சம் எவ்வளவு வாங்கும் என்று ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். விளம்பரச் சேவைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ஆகவே ஐந்து லட்சத்தில் உண்மையில் செலவழிக்கக் கூடியது சுமார் 4,23,700 ரூபாய். வரியை உள்ளீட்டு வரிக் கழிவாக எடுத்துக்கொள்ளலாம் என்று உங்கள் கணக்கர் சொல்வார், சரிதான், ஆனால் கையிலிருந்து முதலில் போவது போவதுதான். படத்துக்கு 40,000 போனால் மிச்சம் 3,83,700. பத்து வினாடிக்கு 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், இருபது வினாடிப் படம் ஒருமுறை ஓட 2,000. ஏறத்தாழ 190 முறை ஓட்டலாம். கேட்க நிறைவாக இருக்கும். ஆனால் அந்த நேரங்களில் சராசரியாக ஆயிரத்துக்கு ஒருவர்தான் பார்க்கிறார் என்றால், அதாவது 0.1 ரேட்டிங் என்றால், 190 முறையும் சேர்ந்து 19 புள்ளிதான். ஒரு புள்ளி என்பது சந்தையில் நூற்றுக்கு ஒருவர் ஒருமுறை பார்ப்பது. ஒருவர் நான்கு முறையாவது பார்த்தால்தான் பெயர் மனதில் நிற்கும் என்று எடுத்துக்கொண்டால், சந்தையில் நூற்றுக்கு ஐந்து பேரைக்கூட அது முழுதாகத் தொடவில்லை. அந்த ஐந்து பேரிலும் கடைக்குப் பக்கத்தில் இருப்பவர் எத்தனை பேர் என்பது மேலே பார்த்த கணக்கு. அவர்கள் தரும் தொகுப்பிலும் இதே மாதிரி எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு ரேட்டிங் புள்ளிக்கு எவ்வளவு விலை விழுகிறது என்று கேட்டால் எங்கள் தொழிலில் எவரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். கட்டணம் நியாயமா என்று பார்க்க, பல ஊடகங்களின் கட்டணங்களைப் பொதுவில் வைத்திருக்கும் தி மீடியா ஆன்ட் போன்ற தளங்களில் ஒருமுறை தேடிவிட்டுப் பேரம் பேசுங்கள். அச்சிட்ட ரேட் கார்டு கட்டணத்தை யாரும் அப்படியே கொடுப்பதில்லை.

இனி படம். இதில்தான் ஆன்லைன் நிறுவனங்கள் உண்மையிலேயே நல்லது செய்திருக்கின்றன என்பேன். முன்பெல்லாம் ஸ்டுடியோ, கேமரா, எடிட்டிங் என்று லட்சக்கணக்கில் போகும். இப்போது குறைந்த செலவில் பார்க்கும்படியான இருபது வினாடி கிடைக்கிறது. ஆனால் எடுத்து வைத்த காட்சிகளில் உங்கள் பெயரை ஒட்டித் தருவதை ஏற்காதீர்கள். வெள்ளைச் சமையலறை, சிரித்த முகத்தோடு ஒரு பெண், தங்க நிறத்தில் வழியும் எண்ணெய், கடைசியில் பாட்டில். அதே காட்சி நாளை வேறொரு எண்ணெய்க்காரருக்கும் போகும். மரச்செக்கு என்பதுதான் உங்கள் பலம். வாகை மர உரலில் எள் சுற்றுவதும், கருப்பட்டி போடுவதும், பிண்ணாக்கு ஒதுங்கி எண்ணெய் கசிந்து வருவதும் எந்தக் காட்சிக் களஞ்சியத்திலும் கிடைக்காது. ஒரு கேமராக்காரரை உங்கள் செக்குக்கே வரவழைத்து அரை நாள் எடுக்கச் சொல்லுங்கள். நீங்களே தோன்றுவதானாலும் செக்குப் பக்கத்தில் நின்று தோன்றுங்கள்.

யாரும் வாயசைத்துப் பேச வேண்டாம். பின்னணிக் குரல் மட்டும் வைத்தால் ஒரே படத்துக்குத் தமிழிலும் கன்னடத்திலும் குரல் போட்டுக்கொள்ளலாம். நம் ஊரில் இரண்டும் வேண்டும். கன்னடக் குரலைக் கன்னடம் தாய்மொழியாக உள்ளவரிடமே எழுதி வாங்குங்கள். தமிழிலிருந்து பெயர்த்த கன்னடம் முதல் சொல்லிலேயே காட்டிக்கொடுத்துவிடும். இருபது வினாடி என்றால் மிகச் சரியாக இருபது வினாடி, சில பிரேம் கூடினாலும் சேனல் திருப்பி அனுப்பும். முழுப் படத்தோடு பத்து வினாடிச் சுருக்கத்தையும் இப்போதே வெட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

உரிமை விஷயத்தில் கவனம் தேவை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, நீங்கள் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு நீங்களே முதல் உரிமையாளர், ஆனால் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மட்டும். இணையதளத்தில் நீங்கள் படிக்காமல் அழுத்தும் “ஒப்புக்கொள்கிறேன்” என்பது வேறு ஒப்பந்தம்தான். படம் அவர்களுடையது, உங்களுக்குப் பயன்படுத்தும் உரிமை மட்டும், அதுவும் அவர்கள் வழியாக நேரம் வாங்கும்வரை என்று பெரும்பாலும் இருக்கும். மூல வீடியோ கோப்புகளோடு முழு உரிமையும் எழுத்தில் கேளுங்கள். சினிமாப் பாட்டை உரிமமின்றிச் சேர்க்கவே வேண்டாம்.

நீங்கள் விற்பது உணவு என்பதால் சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். “கொலஸ்ட்ரால் குறையும்”, “மூட்டுவலி தீரும்” என்று எண்ணெய்க்காரர்கள் வழக்கமாகச் சொல்வதை டி.வி.யில் சொல்லக் கூடாது. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதற்குத் தடை இருக்கிறது. “தூய”, “இயற்கையான”, “பாரம்பரிய”, “அசல்” போன்ற சொற்களுக்குக்கூட உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விளம்பர விதிமுறைகளில் நிபந்தனைகள் உண்டு. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்குப் பத்து லட்சம் வரை அபராதம் விதிக்கலாம், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் வரை. வசனத்தை எழுதித் தந்தது அவர்களுடைய மென்பொருள் என்றாலும் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். 2024-இல் உச்ச நீதிமன்ற உத்தரவையொட்டி, உணவு, உடல்நலப் பொருள்களின் விளம்பரதாரர்கள் சுய அறிவிப்புச் சான்று பதிவேற்றும் நடைமுறையும் வந்தது. ஒளிபரப்புக்கு முன் எந்தெந்தச் சான்று வேண்டும் என்று கேட்டு, உணவு உரிமத்தின் நகலோடு தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, அந்த ஐந்து லட்சத்தை நானாக இருந்தால் எப்படிப் போடுவேன்?

வரி போக 4,23,700. படத்துக்கு 80,000 வரை கொடுப்பேன், நல்ல படம் அடுத்த வருடமும் ஓடும். 2,40,000 ரூபாயை இணைய டி.வி. வழியில் போடுவேன். பெங்களூரு வீடுகளில் பெரிய திரையில் யூடியூப் பார்ப்பதும், ஜியோஹாட்ஸ்டாரில் கிரிக்கெட்டும் சீரியலும் பார்ப்பதும் இன்று சாதாரணம். அங்கே விளம்பரத்தை ஊர்வாரியாக வாங்கலாம். யூடியூப்பில் கடையை மையமாக வைத்துச் சில கிலோமீட்டர் சுற்றளவு, மொழி தமிழ் அல்லது கன்னடம், டி.வி. திரை மட்டும் என்றுகூடக் குறுக்கலாம். இட அடையாளம் கைப்பேசியில் இருக்கும் அளவுக்கு டி.வி.யில் துல்லியமாக இருக்காது. ஆனாலும் நாகர்கோவிலுக்குப் பணம் போகாது. காட்டிய அளவுக்குத்தான் கட்டணம், பிடிக்கவில்லை என்றால் அன்றே நிறுத்தலாம். உங்களிடம் பேசிய ஆன்லைன் நிறுவனமே இதையும் செய்யும். அவர்களிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

60,000 ரூபாய் உள்ளூர் கேபிளுக்கு. ஸ்ரீராமபுரம், கே.ஆர்.புரம் பக்கங்களில் கேபிள் நிறுவனங்கள் தங்கள் சொந்த உள்ளூர் சேனலில் படத்தின் அடியில் ஓடும் எழுத்து விளம்பரமும் இடைவேளை விளம்பரமும் எடுக்கிறார்களா என்று விசாரியுங்கள். பளபளப்பு இருக்காது, ஆனால் பார்ப்பவர் அத்தனை பேரும் உங்கள் பேட்டைக்காரர்.

மீதி 43,700-ஐத் தொடாமல் வைத்திருங்கள். அது எதற்கு என்றால், முதல் இரண்டு வாரம் கே.ஆர்.புரம், அல்சூர் சுற்றுவட்டாரத்தில் மட்டும் விளம்பரம் ஓடட்டும், ஸ்ரீராமபுரத்தில் வேண்டாம், அங்கே கேபிளும் அதுவரை பொறுக்கட்டும். மூன்று கடைகளின் தினசரி விற்பனையையும் போன வருடத்துத் தீபாவளிக்கு முந்தைய அதே வாரங்களோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். விளம்பரம் ஓடிய இரண்டு கடைகளில் விற்பனை, ஓடாத கடையைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால், மீதிப் பணம் முழுவதையும் கடைசி வாரத்தில் ஸ்ரீராமபுரத்தையும் சேர்த்துப் போடுங்கள். கூடவில்லை என்றால் அந்த 43,700 உங்கள் பெட்டியிலேயே இருக்கட்டும். ஸ்பாட் ரன்னர் வாடிக்கையாளருக்குக் கிடைக்காத விவரம் இது. செயற்கைக்கோள் சேனலில் இந்தச் சோதனையைச் செய்யவே முடியாது, எல்லாக் கடைக்கும் ஒரே நேரத்தில் ஒரே சிக்னல் போய்விடும்.

பணம் கொடுக்கும் முறை பற்றி ஒரு வார்த்தை. புதிய விளம்பரதாரரிடம் சேனல்கள் முன்பணம் கேட்பது வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் நிறுவனத்துக்கு முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள். படத்துக்குத் தனி பில், நேரத்துக்குத் தனி பில், அவர்களுடைய சேவைக் கட்டணம் எவ்வளவு என்று தனி வரி. கேபிளானால் டெலிகாஸ்ட் சான்றிதழ், யூடியூப், ஜியோஹாட்ஸ்டாரானால் உங்கள் பெயரில் திறந்த கணக்கைப் பார்க்கும் அனுமதி. ஓடாமல் விட்டுப்போன ஸ்பாட்டுகளை எத்தனை நாளுக்குள், எந்த நேர வரம்புக்குள் ஓட்டித் தருவார்கள் என்பதும் எழுத்தில் வேண்டும். தீபாவளி நெருங்க நெருங்க எல்லாக் கட்டணமும் ஏறும் என்பதால் படப்பிடிப்பை இரண்டு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். அவர்கள் அனுப்பும் ஒப்பந்தத்தில் நேர வரம்பு, படத்தின் உரிமை, சேவைக் கட்டணம் ஆகிய மூன்று இடங்களையும் இங்கே எழுதுங்கள், வரிவரியாகப் பார்த்துச் சொல்கிறேன்.